லிங்கியில் என் கார்டு வேலை செய்யாத காலை

தங்கை மகள் கல்யாணத்துக்காகப் போன மாதம் மதுரையிலிருந்து மலேசியா போனேன். தங்கை கமலா வாழ்க்கைப்பட்டது நெகிரி செம்பிலான் மாநிலத்தில், லிங்கி என்ற சிற்றூருக்குப் பக்கத்து எஸ்டேட் தோட்டம் ஒன்றில். விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேரம், கார் வாடகை 110 ரிங்கிட். மாற்றி வந்த கொஞ்சப் பணம் அதோடு தீர்ந்தது. நான் அலட்டிக்கொள்ளவில்லை. கீரைக்கட்டுக்கே போனை நீட்டும் ஆள் நான்.

மறுநாள் தோட்டத்துக் கோயிலில் ஒன்பது மணிக்கு முகூர்த்தம். தாய்மாமன் நான்தான் பெண்ணை மணவறைக்கு அழைத்து வர வேண்டும். சீர்த்தட்டில் 1001 ரிங்கிட் வைக்க எண்ணி, ஏழரைக்கு லிங்கி ஏடிஎம்முக்குப் போனேன். கார்டைத் துப்பியது. வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிட மறந்திருக்கிறேன். இப்போது திறக்கலாமென்றால் ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும். அந்த சிம்முக்கு ரோமிங் போடவில்லை.

பெட்ரோல் நிலையக் கடையில் கியூஆர் அட்டையைப் பார்த்ததும் உயிர் வந்தது. நம்மூர்ப் பழக்கத்தில், "போன்ல ஆயிரம் அனுப்புறேன், ரொக்கமா தர்றீங்களா?" என்றேன்.

கல்லாவில் இருந்த பெண் சிரித்துவிட்டாள். "இது இங்கத்த பேங்குக்குத்தான் அண்ணே. உங்க ஊரு ஆப்பு இதுல ஓடாதுலா."

காரோட்டி வந்த கணேசன் கமலாவின் பக்கத்து வீட்டுக்காரர். பர்ஸை எடுத்தார். "நான் தர்றேன், மெதுவா குடுங்கண்ணே. நேரமாச்சு, போவோம் வாங்க."

சீர்ப் பணத்தைக் கைமாற்றாக வாங்குவதா? எனக்கு மனம் ஒப்பவில்லை. பையிலிருந்த இந்திய நோட்டுகளை மாற்றலாமென்று பக்கத்து நகரமான போர்ட்டிக்சனுக்கு விடச் சொன்னேன். அரை மணி ஓட்டம். இதோ திறந்துவிடுவார்கள் என்று வாசலிலேயே நின்றேன். பணம் மாற்றும் கடை திறந்ததே ஒன்பதரைக்குத்தான்.

திரும்பியபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. எனக்குப் பதிலாகப் பெண்ணை மணவறைக்கு அழைத்து வந்தது கணேசனின் தம்பியாம். தட்டை நீட்டினேன். கமலா அதைப் பார்க்கவேயில்லை.

"காசு யாருண்ணே கேட்டா? நீங்க வந்து நின்னிருந்தா போதும்லா."

அந்தச் சொல் இன்னும் உறுத்துகிறது.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கிளம்புமுன்பே கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுங்கள். இந்திய சிம்முக்கு ரோமிங் போடுங்கள். பட்டணத்துப் பெரிய கடைகளில் கார்டு செல்லும். தோட்டப் பக்கம் ரொக்கம்தான், ஐந்நூறு ரிங்கிட்டாவது கையில் இருக்கட்டும். எதுவும் இல்லாவிட்டாலும் நேரத்துக்குப் போய் நில்லுங்கள்.

நேற்று கல்யாண வீடியோ வந்தது. மணவறைக்கு நடக்கும்போது என் மருமகள் கோயில் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள்.