நாலு கட்டமும் நல்ல நாளும்

சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையில் எங்கள் லாரி பாடி கட்டும் பட்டறை இருக்கிறது. என்ஜினும் அடிச்சட்டமும் மட்டுமான வெறும் சேஸாக வரும் வண்டிக்குக் கேபினும் பின்பெட்டியும் கட்டி, பெயிண்ட் அடித்து, லாரியாக அனுப்புவது தொழில். என் அண்ணனும் என் வீட்டுக்காரரும் கூட்டாளிகள். ஆர்டர் பிடிப்பது அண்ணன் பொறுப்பு, உள்ளே வேலை வாங்குவது வீட்டுக்காரர் பொறுப்பு. ஆபீஸ் என்னுடையது. அதாவது, நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் திட்டு வாங்கும் உத்தியோகம்.

போன சித்திரையில் இருவருக்கும் சண்டை முற்றியது. கெங்கவல்லிக்காரர் ஒருவரின் சேஸ், உள்ளே விட இடமில்லாமல் வாசலிலேயே நாள்கணக்கில் நின்றது. இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். பட்டறையில் வேலை மந்தம் என்றார் அண்ணன். இடம் பார்க்காமல் ஆர்டர் எடுப்பவரைக் கேட்கச் சொன்னார் வீட்டுக்காரர். பட்டறைக்குப் பின்னாலேயே எங்கள் வீடு. தினமும் மத்தியானம் அங்கே என் கையால் சாப்பிட்ட அண்ணன், அன்றிலிருந்து ஓட்டலில் பொட்டலம் வாங்கிவந்து காருக்குள் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். ஆபீஸ் ஜன்னல் வழியாக அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தாய்மாமன் வந்து பேசிப் பார்த்துவிட்டு, பிரித்துக்கொள்வதே நல்லது என்றார். ஆனால் வைகாசியில் பங்காளி வீட்டுக் கல்யாணம், அதற்கு முன் பாகம் பிரிக்கக் கூடாது. ஆனியில் அவருக்கு நாள் தோதுப்படவில்லை. ஆடி ஆகவே ஆகாது.

"ஆவணி மொத முகூர்த்தத்துல டேப்போட வாரேன் சாமி. அளந்து ஆளுக்குப் பாதி எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் மாமா.

ஆளுக்குப் பாதி என்றால் நான் எந்தப் பாதி என்று யாரும் கேட்கவில்லை. புருஷன் பக்கம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பிறந்த வீட்டு வாசலை இனி மிதிக்க முடியாதே என்று எனக்குப் பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில் சேலத்தில் சிறுதொழில் நடத்துபவர்களுக்கு ஒருநாள் வகுப்பு நடந்தது. இருவரும் மறுத்ததால் நான் போனேன். வகுப்பெடுத்தவர் 'பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டு' என்று சொல்லி, பலகையில் நாலு கட்டம் போட்டார். வரவு செலவு, வாடிக்கையாளர், உள்வேலை, ஆட்கள் புதிதாகக் கற்றுக்கொள்வது. லாபத்தை மட்டும் வைத்து ஒரு கம்பெனியை எடை போடக் கூடாது, நாலையும் சேர்த்துப் பார்த்தால்தான் எங்கே இடிக்கிறது என்று தெரியும் என்றார். எங்கள் வீட்டில் இடிப்பது எங்கே என்றும் இது சொல்லிவிடும் என்று நம்பி, மறுநாளே அட்டை தயாரித்தேன். அண்ணன் வேலைக்கு வீட்டுக்காரர் மார்க் போட வேண்டும், வீட்டுக்காரர் வேலைக்கு அண்ணன்.

முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பத்துக்குப் பத்து போட்டுக் கொடுத்தார்கள்.

"அப்பறம் எதுக்குங்க சண்டை?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"சண்டை வேற. மச்சானுக்கு மார்க்கக் கொறச்சுப் போட்டா நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுல எப்புடி மூஞ்சியப் பாக்கறது?"

அண்ணனிடம் போனேன். "மாப்பிள்ளைக்கு நான் எட்டு மார்க் போட்டேன்னு வெளிய தெரிஞ்சா, என்னைய ஒரு மனுசன்னு மதிப்பாங்களா அம்மிணி?" என்றார்.

ஆக, அட்டைப்படி எங்களுடையது குறையே இல்லாத கம்பெனி. வாசலில் சேஸ்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

எரிச்சலில் அந்த அட்டையைக் கிழித்துப் போட்டேன். மனிதர்களை விட்டுவிட்டு வண்டிகளுக்கு மார்க் போடலாம் என்று தோன்றியது. லாரிக்கு மாமன் மச்சான் கிடையாது. வண்டிக்கு ஓர் அட்டை வைத்து, சேஸ் வந்த நாள், வாக்குக் கொடுத்த நாள், வேலை முடிந்த நாள், வெளியே போன நாள் எல்லாம் எழுதினேன். வண்டி எப்படி ஓடுகிறது என்று உரிமையாளர்களை நானே போனில் கேட்டேன். வெல்டர்களில் யார் பெயிண்ட் வேலையும் பழகினார்கள் என்பதைக்கூட விடவில்லை.

ஆடியில் வேலை குறைந்ததும் அட்டைகளை மேஜையில் பரப்பிப் பார்த்தேன். வேலை பெரும்பாலும் சொன்ன நாளில் முடிந்திருந்தது. ஆனால் முடிந்த வண்டி வெளியே போகவில்லை. வளர்பிறை வரட்டும், கரிநாள் கழியட்டும், குலதெய்வத்திடம் பூப்போட்டு உத்தரவு கேட்டுவிட்டு வருகிறேன் என்று உரிமையாளர்கள் தள்ளிப்போட, முடிந்த லாரிகள் வரிசையாக உள்ளே நின்றிருக்கின்றன. புதிய சேஸ் நிற்க வேண்டிய இடம் அது. நல்ல நாளுக்குக் காத்திருப்பதைத் தாமதம் என்று எங்களில் யாருக்கும் கணக்கில் சேர்க்கத் தோன்றவில்லை, எனக்கும்தான்.

இருவரையும் கூப்பிட்டு அட்டைகளைக் காட்டினேன். அண்ணன் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். தலை நிமிராமலே, "மாப்பிள்ளை சொன்ன தேதிக்கு முடிச்சுத்தான் இருக்கறாரு" என்றார்.

"மச்சான் எடுத்த ஆர்டருக்கு எடம் இருந்துதான் இருக்குது. நம்மதான் அடைச்சு வெச்சிருக்கறோம்" என்றார் வீட்டுக்காரர்.

"ஆர்டர் குடுக்கறப்பவே வண்டி எடுக்க நாள் பாத்துட்டு வரச் சொல்லிப்போடலாமுங்களா?" என்று கேட்டார் அண்ணன்.

"ஆமாங்க மச்சான், கல்யாண மண்டபம் புடிக்கற மாதிரி. அந்த நாளுக்கு முடியறாப்பல நான் சேஸ உள்ள உடறேன்."

சித்திரைக்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அன்றுதான். டீ போடுவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போய் நன்றாக அழுதேன்.

கெங்கவல்லிக்காரரை அண்ணன் நேரில் போய்ச் சமாதானம் செய்து அழைத்து வந்தார். ஆவணி முதல் முகூர்த்தத்தில் எங்கள் லாரிகள் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக வெளியே போயின. சொன்னபடி அன்றே மாமாவும் டேப்போடு வந்துவிட்டார். காலியான இடத்தைப் பார்த்து, அளக்கத் தோதாகப் போச்சு என்றார். வீட்டுக்காரர் அவர் கையிலிருந்த டேப்பை வாங்கிக்கொண்டு போய், அப்போதுதான் உள்ளே வந்த கெங்கவல்லி சேஸின் நீளத்தை அளந்தார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார் அண்ணன்.

"இதுக்குத்தானா நான் டேப்போட வந்தேன்?" என்று மாமா சிரித்தார். அவர் மட்டும் நாள் பார்க்காத ஆளாக இருந்திருந்தால் சித்திரையிலேயே நடுவில் சுவர் எழும்பியிருக்கும்.

அளந்து முடித்து, குழாயடியில் கை கழுவிக்கொண்டே அண்ணன் என்னிடம் கேட்டார்.

"அம்மிணி, ஊட்டுல சோறு இருக்குதா? இல்ல, பொட்டலம் வாங்கிக்கட்டுமா?"

நான் கொல்லைக்குப் போய் வாழையிலை அறுத்தேன்.