நடக்கும்போது பேச வேண்டும்

என் வீட்டுக்காரர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ரகம். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அதுதான் குறை. நுரையீரல் நோய் முற்றி, குளியலறைக்குப் போய் வந்தாலே மூச்சு வாங்க ஆரம்பித்தபோது, பிசியோதெரபி பெண் நடைப்பயிற்சி எழுதிக் கொடுத்தாள்.

"நடக்கறப்ப அங்கிள் பேசிட்டே வரணும் ஆன்ட்டி. பேச்சு திணறினா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். உடனே குறைச்சுடுங்க."

டெல்லிப் புகையில் வெளியே போக முடியாது. துவாரகாவில் எங்கள் ஃபிளாட் வாசலிலிருந்து லிஃப்ட் வரை, அந்த நீள வராந்தாவில்தான் நடந்தோம்.

"சீட்டுல எழுதிக் குடுத்தாத்தான் பொண்டாட்டியோட பேசுவீங்களாக்கும்?" என்றேன்.

"மருந்துன்னா கசக்கத்தான் செய்யும்" என்றார்.

ஆனால் பேசினார். சின்ன வயதில் சரோஜினி நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் அண்ணனோடு ஒரே ஸ்வெட்டரை மாற்றி மாற்றிப் போட்டது, என்னைப் பெண் பார்க்க வந்த அன்று பயத்தில் காபியைக் குடிக்காமலே வைத்தது. இத்தனை வருஷம் இதையெல்லாம் எங்கே வைத்திருந்தார் மனுஷர்?

குளிர் ஏற ஏறக் கதைகள் சுருங்கின. பிறகு ஒற்றை வார்த்தைகள்தான். வேகத்தைக் குறைத்தோம், டாக்டரும் மருந்தை மாற்றினார். ஒருநாள் பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீ பேசு. நான் கேக்கறேன்."

இனி இவ்வளவுதான் என்று எனக்குப் புரிந்தது.

இப்போதும் மெதுவாக நடக்கிறோம். நான்தான் பேசுகிறேன். கேள்வி மட்டும் கேட்பதில்லை. பதில் சொல்ல முயன்றுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.