கத்திரிக்காரர் வீட்டுக் காகிதப்பூ

தெருவில் எல்லோருக்கும் அவர் கத்திரிக்காரர். முப்பது வருஷமாக ஊரார் வீட்டுச் செடிகளுக்கு முடிவெட்டி வரும் மனுஷர். அவர் கைபட்ட காகிதப்பூச் செடி, மதிலே தெரியாமல் பூத்துக் குலுங்கும். அவர் வீட்டு வாசலில் நின்ற செடி மட்டும் மூன்று வருஷமாக ஒரு பூ காட்டவில்லை.

மண்ணை மாற்றினார். தண்ணீரைக் குறைத்தார். தொட்டியையே வெயிலுக்கு இழுத்து வைத்தார். நுனி நன்றாகத் துளிர்க்கும். அடுத்த வாரம் பார்த்தால் நுனியைக் காணோம். ஆடு மேய்ந்திருக்குமோ என்றால், வெட்டு சாய்வாக, கணுவுக்குச் சற்று மேலே, அச்சு அசல் அவர் வெட்டியது போலவே இருந்தது. தூக்கத்தில் எழுந்து தானே வெட்டித் தொலைக்கிறோமோ என்றுகூடக் குழம்பிப்போனார்.

ஒருநாள் வேலைக்குக் கிளம்பியவர், மறந்த கண்ணாடியை எடுக்கத் திரும்பி வந்தார். தொட்டியருகே மனைவி, கையில் தையல் கத்திரியோடு.

"என்ன பண்றே?"

"வெட்டினாத்தான் பூக்கும்னு ஊரெல்லாம் சொல்றது நீங்கதானே?"

"அது வருஷத்துக்கு ஒருதரம்! நீ எத்தனை தரம் வெட்டுறே?"

"வாரா வாரம். அப்பவும் பூக்கலையேன்னு எனக்கும் ஒண்ணும் புரியலை."

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டேனே, மூணு வருஷத்துக்கு முன்னாடி. ஞாயித்துக்கிழமை வெட்டித் தர்றேன்னு சொன்னீங்க."

அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான். அடுத்த தெருவுக்குக் கிளம்பிய கத்திரி அவர் கையிலேயே இருந்தது.