அண்ணன் வெட்டிய வயர்

அப்பாவின் கருமாதி முடிந்த மறுவாரம், அவருடைய பழைய பெட்ரோல் ஜீப்பை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, திருவானைக்காவலில் என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனான் அண்ணன். ஜீயபுரத்து வாழைக்கொல்லையும் மனையும் அவனுக்கு. ஓடாத ஜீப் எனக்கு. சொந்தக்காரர்கள் கூடியிருந்தபோது அதை அவன் சொன்ன விதம்தான் எனக்கு ஆறவில்லை.

"பாப்பாவுக்கு அப்பா ஞாபகமா ஜீப்பு இருக்கட்டும். கட்டிக்குடுத்த பொண்ணு, நெலத்த வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போகுது?"

இரண்டு பேர் சிரித்தார்கள். யார் யார் என்று இன்றும் என்னால் சொல்ல முடியும்.

வண்டிக்கு என்னதான் கோளாறு என்று போனில் பலமுறை கேட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான். "என்ஜின் போச்சு. மெக்கானிக் பாத்துட்டான். பேசாம எடைக்குப் போட்டுடு."

என் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். நான் கேட்கவில்லை. அந்த ஜீப்பை நானே ஓட்டிக்கொண்டு போய் அண்ணன் வாசலில் நிறுத்த வேண்டும். வேறு எதுவும் என் மனதில் இல்லை. அப்பாவின் நினைவுக்காகச் செய்கிறேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவைத்தேன். அது பொய்.

நான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் டியூஷன் எடுக்கிறவள். மின்சுற்றைப் படமாகப் போடத் தெரியும். ஆனால் ஒரு பானெட்டைத் திறந்து உள்ளே பார்த்தது அதுதான் முதல் தடவை. எலிகள் வயர்களைக் கடித்துக் குதறியிருந்தன. புது பேட்டரி மாட்டியதும் வண்டி பேய் பிடித்ததுபோல நடந்துகொண்டது. ஹாரனை அமுக்கினால் வைப்பர் ஆடியது. இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட் மங்கியது.

புத்தூரில் வண்டிகளுக்கு வயரிங் பார்க்கிற ஒரு கடைக்குப் போய் நடப்பதைச் சொன்னேன்.

"வண்டியக் கொண்டாங்கம்மா, பாத்துடலாம்" என்றார் கடைக்காரர்.

"அது வராதுங்க. வந்தா நான் ஏன் இங்க வரேன்?"

அவர் சிரித்துவிட்டு, வயரில் கரண்ட் வருகிறதா என்று எரிந்து காட்டும் ஒரு டெஸ்ட் லாம்ப்பை எடுத்துக் கொடுத்தார். "மொதல்ல எர்த்தப் பாருங்க. அப்புறம் மத்தது."

பேட்டரியிலிருந்து வண்டியின் உடம்புக்குப் போகும் எர்த் பட்டை துருவேறிப் பொரிந்து கிடந்தது. உப்புத்தாளால் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க, அண்ணன் சின்ன வயதிலிருந்து எனக்குச் செய்ததெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அம்மா செத்த வருஷம் என் படிப்பை நிறுத்தச் சொன்னது. என் கல்யாணத்தில் சமையல்காரரிடம் சாப்பாட்டைக் குறைத்துச் சொல்லி, பந்தியில் என் மாமியார் முன்னால் அப்பாவைத் தலைகுனிய வைத்தது. கோபம் இவ்வளவு பொறுமையைக் கொடுக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பட்டை பளபளவென்று ஆனதும் வைப்பர் ஆட்டம் நின்றது. கடிபட்ட வயர்களை ஒவ்வொன்றாக மாற்றினேன்.

ஆனால் என்ஜின் எடுக்கவில்லை. பிளக்கில் பொறியே வரவில்லை. பொறியை உண்டாக்கும் பாயிண்ட்டில் கரி பிடித்திருந்தது; அதைச் சுத்தம் செய்து, அதோடு சேர்ந்த கண்டன்சரையும் புதிதாக மாட்டினேன். வீட்டுக்காரர் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். தெருவெல்லாம் புகையாக, என்ஜின் எடுத்துவிட்டது. அவர் சாவியிலிருந்து கையை எடுத்தார். அணைந்துபோனது. மறுபடி திருப்பினார். மறுபடியும் அப்படியே.

"புடிச்சிருந்தா ஓடுது, விட்டா நிக்குது" என்றார்.

எனக்குப் படம் புரிந்துவிட்டது. சாவியை முழுக்கத் திருப்பிப் பிடித்திருக்கும்போது பொறிக்கு மின்சாரம் ஏற்றும் காயிலுக்கு ஒரு வயர் வழியாகக் கரண்ட் போகிறது. கையை எடுத்ததும் வேறொரு வயர் வழியாகப் போக வேண்டும். அந்த இரண்டாவது வயரில்தான் கோளாறு. டார்ச்சோடு டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துத் தேடினேன். ஸ்டியரிங்குக்கு இடது பக்கம் அது கிடைத்தது. கட்டிங் பிளேயரால் நறுக்கென்று வெட்டியிருந்தது. இரண்டு முனைக்கும் தனித்தனியாகக் கறுப்பு டேப் சுற்றி, மடித்து உள்ளே சொருகியிருந்தது.

எலி டேப் சுற்றாது.

எழுந்து கையைக்கூடத் துடைக்காமல் அண்ணிக்குப் போன் போட்டேன். அவர் பொய் சொல்லத் தெரியாதவர்.

"அவருதான் வெட்டுனாரு" என்றார். "மாமாவுக்குக் கண்ணு சரியாத் தெரியல. ரெண்டு தரம் வாய்க்கால்ல எறக்கிட்டாரு. சொன்னாலும் கேக்க மாட்டேங்குறாரு. வேற என்ன பண்றது சொல்லு?"

ஒரு நிமிஷம் அண்ணன் பக்கம் நியாயம் இருப்பதுபோலத் தெரிந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

"சரி அண்ணி. அப்பா போனதுக்கப்புறம் எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் தயங்கினார். "சொன்னா நீ சரி பண்ணி ஓட்டிக்கிட்டு இங்க வந்து நிப்பேன்னாரு."

அந்தப் பதிலில் எனக்கு நிம்மதி வந்தது. என் கோபத்தில் ஒரு துளிகூட வீண் இல்லை.

வயரை ஒட்டினேன். ஒட்டும்போது, நடுவில் ஒரு சின்ன சுவிட்சையும் சேர்த்து, டிரைவர் சீட்டுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் பொருத்தினேன். திருடனுக்காக என்றேன். "இத யாரு திருடப் போறா?" என்றார் வீட்டுக்காரர். சீட்டைப் பழையபடி மாட்டினேன்.

அப்பாவின் முதல் திவசம் முடிந்த பிறகு, கொல்லையை ஒட்டி அண்ணன் கட்டிய புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். நாங்கள் ஜீப்பில் போனோம். காவிரிப் பாலம் தாண்டி, கரூர் ரோட்டில், ஓரிடத்தில்கூட நிற்காமல் வந்தது. வாசலில் நிறுத்தினேன். சித்தப்பாவும் மற்றவர்களும் வெளியே வந்து சூழ்ந்துகொண்டார்கள். அண்ணன் முகம் ஒரு கணம் வெளுத்தது. உடனே சமாளித்துக்கொண்டான்.

"நான்தான் சித்தப்பா எல்லாம் ரெடி பண்ணிப் பாப்பாவுக்குக் குடுத்தேன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. நான் திட்டமிட்டிருந்ததைவிட இது நன்றாக இருந்தது. சீட்டுக்கு அடியில் கையை விட்டு சுவிட்சை அணைத்துவிட்டு இறங்கி, சாவியை நீட்டினேன். "நீயே ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிக் காட்டு அண்ணே."

ஏறி உட்கார்ந்து திருப்பினான். எடுத்தது. கையை விட்டான், அணைந்தது. மறுபடி திருப்பினான். யாரோ பெட்ரோல் இருக்கிறதா என்று கேட்டார்கள். நான்காவதோ ஐந்தாவதோ தடவை, குனிந்துகூடப் பார்க்காமல், அவன் இடது கை தானாக டாஷ்போர்டுக்கு அடியில் போய் அந்த இடத்தைத் தடவியது.

"அங்கதான வெட்டுன?" என்றேன்.

"எத வெட்டுனான்?" என்றார் சித்தப்பா.

எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவின் கண்ணைப் பற்றியும் சொன்னேன், மறைக்கவில்லை. எடைக்குப் போடச் சொன்னதையும் சொன்னேன். அண்ணன் சீட்டைவிட்டு இறங்கவில்லை.

"விசேஷ வீட்ல வந்து இதெல்லாம் தேவையா?" என்றான் மெதுவாக.

"தேவைதான். நெலத்துல எனக்குப் பங்கு வேணும். இவங்க எல்லார் முன்னாடியும்தான நீ இல்லேன்ன, அதான் இவங்க முன்னாடியே கேக்குறேன்."

அண்ணி டம்ளரில் பால் கொண்டுவந்து கொடுத்தார். நின்றுகொண்டே முழுவதும் குடித்தேன். தித்திப்பாக இருந்தது.

இப்போது நிலத்துக்கு வழக்கு நடக்கிறது. அண்ணன் என்னோடு பேசுவதில்லை. சித்தப்பா ஒருநாள் வந்து, கூடப் பிறந்தவன்தானே, நீ ஒரு வார்த்தை பேசினால் இறங்கி வருவான் என்றார். காபி கொடுத்து அனுப்பிவைத்தேன். பேச வேண்டும் என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை.