ஸ்டெல்லாவின் இடது கன்னம்

மனித முகத்தில் பாதியைக் காட்டினால் போதும், மீதியைப் பார்ப்பவர்கள் ஊகித்துக்கொள்வார்கள் என்று நான் ஒரு காலத்தில் மனதார நம்பினேன். நம்பியதோடு விட்டிருக்கலாம். கல்யாணத்துக்கு இருந்த ஒரு பெண்ணின் மேல் அதைப் பிரயோகித்தும் பார்த்தேன்.

போன வாரம் ஆவடியில் நண்பன் அருள்ராஜின் தங்கை ஸ்டெல்லா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகள் செல்போனில் அம்மாவைப் படமெடுத்து, ஏதோ பட்டனைத் தொட்டாள். ஸ்டெல்லாவின் பாதி முகம் இருட்டிப்போனது. சட்டென்று எனக்குப் படம் கழுவும் ஹைப்போவின் புளித்த வாடை மூக்கில் ஏறியது. அந்த இருட்டுக்காக நாங்கள் பட்ட பாடு!

நாங்கள் என்றால், எண்பதுகளில் அம்பத்தூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியில் ஞாயிறுதோறும் கூடிய போட்டோ சங்கம். உருப்படாத கூட்டங்கள் எத்தனையோ உண்டு. எங்களுடையது கழுத்தில் காமிரா தொங்க உருப்படாமல் போனது. சுருக்கம் விழாத முகத்தை நாங்கள் மதிப்பதில்லை. பூந்தமல்லி மார்க்கெட்டில் ஒரு கிழவர் எங்களைக் கண்டாலே துண்டால் மூஞ்சியை மூடிக்கொள்வார். ஃபிளாஷ் போடுகிறவனைக் 'கல்யாண போட்டோகிராபர்' என்போம். அதைவிடக் கேவலமான வசவு எங்களிடம் இல்லை.

ஆளை ஜன்னலோரம் உட்காரவைத்தால் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இருட்டு. இருட்டுப் பக்கம் ஒரு தெர்மோகோல் அட்டையைப் பிடித்தால், வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பிக் கன்னம் தெரியும். அட்டை இல்லையென்றால் வெள்ளை வேட்டி போதும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சங்கத் தலைவர் (ஏதோ கம்பெனியில் அக்கவுண்டன்ட், காமிராவை அவர் தோலுறையிலிருந்து எடுத்து யாரும் பார்த்ததில்லை) "நெழலுக்கு வெள்ளையடிக்கிறவன் பெயின்டருய்யா, கலைஞன் இல்ல" என்று சொல்லியிருந்தார். எங்களுக்கு வேதவாக்கு.

அப்போதுதான் ஸ்டெல்லாவுக்கு வேப்பம்பட்டிலிருந்து ஒரு வாத்தியார் வரன் வந்தது. கிறிஸ்துமஸுக்குப் பாட வந்த குழுவில் அவள் அவரை ஏற்கெனவே பார்த்திருந்தாள்; அவர் இவளைக் கவனித்திருக்கவில்லை. பிடித்தும் இருந்தது. படம் கேட்டார்கள். கரையான்சாவடி ஸ்டூடியோவுக்குக் கிளம்பியவளை வழிமறித்தது நான்தான். அருவி வரைந்த திரைக்கு முன்னால் நிற்கவா நம்ம ஸ்டெல்லா பிறந்தாள்! அவள் வீட்டு ஜன்னலோரமே உட்காரவைத்தேன், அட்டை பிடிக்காமல்.

"இந்தப் பக்கம் இருட்டா கீதே தம்பி?" என்றார் அவள் அம்மா. கலையறியாத ஜென்மம் என்று சிரித்துக்கொண்டேன்.

"அண்ணே, நல்லா வந்துடும்ல?" என்றாள் ஸ்டெல்லா.

பாத்ரூமில் சிவப்பு பல்பு மாட்டிப் பிரிண்ட் போட்டேன். இடது கன்னம் தார் பூசியதுபோல வந்திருந்தது. "இது போட்டோ இல்லய்யா, தியானம்" என்றார் தலைவர்.

தியானம் வேப்பம்பட்டுக்குப் போனது. பதில் வரவில்லை. அருள்ராஜ்தான் வந்தான், பஸ் ஸ்டாப்புக்கு.

"மச்சான், உன் கலைய கொண்டுபோய்க் கூவத்துல போடு. அந்தப் பக்கம் தழும்பா, தேமலான்னு தரகர்கிட்ட கேக்குறாங்கடா. ஊட்ல அவ சாப்புடாம குந்திகினுகீறா."

மன்னிப்புக் கேட்க ஞாயிற்றுக்கிழமை போனேன். நான் வாயைத் திறப்பதற்குள், பூசை முடிந்த கையோடு ரயிலேறி, மாப்பிள்ளையின் அம்மாவே சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். நேராகப் போய் ஸ்டெல்லாவுக்கு இடப்பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கண்ணு, கொஞ்சம் இப்டித் திரும்பு."

ஸ்டெல்லா எழுந்தாள். சாத்தியிருந்த இன்னொரு ஜன்னலைப் படாரென்று திறந்து, வெளிச்சத்தில் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"நல்லா பாத்துக்கோங்க அத்தை. படம் புட்சவரும் இதோ கீறாரு. அவரையும் பாத்துக்கோங்க."

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படிச்ச புள்ள மாதிரிதானே கீறே?" என்றார். அப்புறம் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் கல்யாணம் நிச்சயமானது.

கல்யாணப் படங்களைக் கரையான்சாவடிக்காரர் எடுத்தார். ஃபிளாஷ் வெளிச்சத்தில் இரண்டு கன்னமும் பித்தளைக் குடம் மாதிரி பளபளத்தன. அருள்ராஜ் என் காமிராவை முதல் நாளே வாங்கிப் பீரோவில் பூட்டிவிட்டதால், நான் பந்தியில் தண்ணீர் ஊற்றினேன்.

இன்ஸ்டிடியூட் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. ஹைப்போ இல்லை, பிரிண்ட் பேப்பர் இல்லை. மிச்சமிருக்கும் சங்கத்துக் கலைஞர்கள் தினமும் ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் அனுப்புகிறார்கள். ஸ்டெல்லாவைப் படமெடுத்த அந்த ஜன்னலையும் ஏ.சி. பெட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் ஸ்டெல்லாவின் மகளிடம் சொல்லி, "இந்த இருட்டுக்கு நாங்க அப்பல்லாம் ஜன்னல் ஜன்னலா அலைவோம். இப்போ ஒரு பட்டன்ல வந்துடுது" என்று பெருமூச்சு விட்டேன்.

ஸ்டெல்லா போனை வாங்கி ஒரு தட்டு தட்டினாள். இடது கன்னம் திரும்பி வந்தது.

"இதுல அந்த இருட்ட அணைக்கறதுக்கும் பட்டன் கீதுண்ணே" என்றாள்.