விசுவாசம் என்ற சொல்லை அடித்தவர்

போன செவ்வாய்க்கிழமை காலை, இறைவணக்கக் கூட்டம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது மங்கையர்க்கரசி டீச்சரின் தம்பி சரவணனிடமிருந்து போன் வந்தது. "சார், அக்கா பூட்டாங்க" என்றான். வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் என்று ஒன்றரை ஆண்டாகத் தாக்குப்பிடித்த உடம்பு. எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் ஆசிரியர் அறையில் போய் உட்கார்ந்தவன் மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

மங்கையர்க்கரசி டீச்சர் சங்கராபுரத்தில் எங்கள் பள்ளியின் வரலாற்று ஆசிரியர். சொந்த ஊர் எலவனாசூர்கோட்டை. பெற்றோர் போன பிறகு தம்பி சரவணனைத் தனியாக வளர்த்தார். பதினாறு ஆண்டுகள் அவருக்கு அடுத்த நாற்காலி என்னுடையது. அவர் முனைவர் பட்டத்துக்கு ஏதோ எழுதிக்கொண்டிருந்தது அவரிடம் படித்த உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். எதைப் பற்றி என்பது சிலருக்குத்தான் தெரியும். அந்நிய ராஜாக்களுக்காகக் கூலிக்குச் சண்டை போட்ட சுவிஸ் சிப்பாய்களைப் பற்றி.

நமக்கும் சுவிட்சர்லாந்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருமுறை கேட்டேன். இலங்கையில் டச்சுக்காரர்களிடம் கூலிக்கு இருந்த ஒரு சுவிஸ் படை அப்படியே ஆங்கிலேயர் கைக்கு மாறி, ஸ்ரீரங்கப்பட்டினம் வரை வந்து திப்புவோடு சண்டை போட்ட கதையைச் சொன்னார். "அதுவும் நம்ம கல்வராயன் மாதிரி மல நாடுதான் சார். வெளையற நெலம் கம்மி, வூட்டுக்கு வூடு பசங்க ஜாஸ்தி. ஆள் புடிக்கிறவன் ஊருக்குள்ள வந்தா போவாம இன்னா பண்ணுவாங்க?" என்றார்.

ஆனால் அன்று அவருக்கு அந்தச் சிப்பாய்கள் மேல் இரக்கத்தை விட மரியாதைதான் அதிகம். பிரெஞ்சுப் புரட்சியில் பாரிஸ் அரண்மனையைக் கூட்டம் சூழ்ந்துகொண்ட நாளை வகுப்பில் நடத்தும்போது அவர் குரலே மாறிவிடும். ராஜா குடும்பத்தோடு வெளியேறிய பிறகும், தங்கள் சொந்த நாடு அல்லாத ஒரு நாட்டின் காலி அரண்மனையைக் காத்து நின்று செத்தார்கள் சுவிஸ் காவலர்கள். தன் ஆய்வுக் கட்டுரையில் அந்த நாளைப் பற்றிய அத்தியாயத்துக்கு அவர் வைத்திருந்த தலைப்பு 'விசுவாசம்'.

சரவணன் டிப்ளமோ முடித்து மூன்று ஆண்டுகள் வேலை இல்லாமல் இருந்தான். கள்ளக்குறிச்சியில் ஒரு ஏஜெண்டு, குளிர்ப் பிரதேசத்து நாடு ஒன்றில் ராணுவ முகாம் சமையல்கூடத்தில் உதவியாளர் வேலை என்றான். சமையல் மட்டும்தானா என்று டீச்சர் மூன்று முறை கேட்டிருக்கிறார். பிறகு ஆங்கிலப் படிவத்தைத் தன் கையால் நிரப்பிக் கொடுத்தார். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்திலிருந்து வெள்ளையன் என்ற பையனும் சரவணனோடு போனான்.

ஐந்தாவது வாரம் ஆசிரியர் அறையில் அவருக்குப் போன் வந்தது. எதிரே இருந்த எனக்கும் கேட்டது. "அக்கா, துப்பாக்கி குடுத்துட்டாங்கக்கா." போய் இறங்கியதும் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். அந்நிய எழுத்து. போனில் மொழிபெயர்த்து ஒவ்வொரு வரியாக நாங்கள் இருவரும் படித்தோம். சண்டை முடியும் வரை விலக முடியாது என்ற வரி வந்ததும் அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். "இந்த மாதிரி ஒப்பந்தத்ததான் சார் இருவது வருசமா படிச்சிக்கினு இருக்கேன். என் தம்பிய அனுப்பும்போது எனக்குக் கண்ணு தெரியல" என்றார்.

அதன் பிறகு பதினான்கு மாதங்கள் அவர் அந்தப் போனுக்குள்தான் இருந்தார். திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தார். "அவராவேதானே கையெழுத்துப் போட்டிருக்காரு" என்று ஏதோ ஓர் அலுவலகத்தில் ஒருவர் பதில் சொன்னார். சரவணன் நிலத்துக்கடியில் ஒரு குழியில் இருந்தான். "முன்னால போனா அவங்க சுடுவாங்க, திரும்பி வந்தா இவங்களே சுடுவாங்க" என்றான். ஒருநாள் ஊர்ச் சத்தம் கேட்க வேண்டும் என்று அவன் சொல்ல, பேருந்து நிலையத்துக்குப் போய்ப் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். நடத்துநர் "கள்ளக்குறிச்சி, கள்ளக்குறிச்சி" என்று கூவினார். அதைக் கேட்டுவிட்டு, "இனிமே இது வாணாம்க்கா" என்றான். தங்கள் ஊரில் மாட்டைக் கூப்பிடும் பாட்டைக் கேட்டால் சுவிஸ் சிப்பாய்கள் ஏங்கிப் படுத்துவிடுவார்கள் என்பதால், அந்தப் பாட்டையே பாடக்கூடாது என்று தடுத்து வைத்திருந்த கதையை அவர் எனக்கு அன்றுதான் சொன்னார்.

அந்த நாட்களில் ஒரு மதியம் தன் கட்டுரையை எடுத்து, 'விசுவாசம்' என்ற தலைப்பைச் சிவப்பு மையால் அடித்தார். மேலே 'வழியில்லாதவர்கள்' என்று எழுதினார். "அவங்க நின்னாங்கன்னு எழுதி வச்சிருந்தேன் சார். எங்க போவ முடியும், அத நான் கேக்கவே இல்லையே" என்றார். அந்தக் கட்டுரையை அவர் முடிக்கவில்லை. முடிக்கச் சொல்லி நானும் வற்புறுத்தவில்லை.

தொடையில் குண்டுச் சிதறல் பட்டு, இனி சண்டைக்கு ஆக மாட்டான் என்று அவர்களே விட்டுவிட, சரவணன் திரும்பி வந்தான். வெள்ளையன் வரவில்லை. ஒரு காலையில் தண்ணீர் எடுக்கப் போனவனைச் சரவணன் அதற்கப்புறம் பார்க்கவில்லை. உடலும் இல்லை, இறந்தான் என்ற காகிதமும் இல்லை.

மாதத்தின் கடைசி சனிக்கிழமை டீச்சர் கச்சிராயபாளையம் வழியாக மலைப் பேருந்தில் வெள்ளையனின் அம்மா சின்னபொண்ணு வீட்டுக்குப் போய் வருவார். டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் போனார். துணைக்கு நான் போயிருக்கிறேன். முதல் முறை அந்த அம்மா கேட்டது, "அந்த ஊருக்காரங்களுக்கும் எம்புள்ளைக்கும் இன்னாங்க விரோதம்?" என்பதுதான். ஒவ்வொரு முறையும் சேதி உண்டா என்று அந்த அம்மா கேட்பார். "தெரியலைங்கம்மா" என்பார் டீச்சர். வருவான் என்று ஒருநாளும் சொன்னதில்லை, வரமாட்டான் என்றும் சொன்னதில்லை. இந்தப் பதிலைச் சொல்ல இவ்வளவு தூரம் வர வேண்டுமா, போனிலேயே சொல்லலாமே என்று திரும்பும் வழியில் ஒருமுறை கேட்டுவிட்டேன். "போன்ல சொன்னா அந்தம்மா தனியா கேக்கணும் சார்" என்றார்.

அடக்கம் முடிந்து நான்காம் நாள் நான் மலைக்குப் போனேன். சின்னபொண்ணு காட்டில் சாமைக் கதிர் அறுத்துக்கொண்டிருந்தார். டீச்சர் போய்விட்டதைச் சொன்னேன். அரிவாளைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அப்ப இனிமே தெரியலைன்னு சொல்ல யாருங்க வருவாங்க?"

டீச்சரின் புத்தகங்களைப் பள்ளி நூலகத்துக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறான் சரவணன். அவை அங்கே இருக்கட்டும். எனக்கென்று அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது மாதத்தில் ஒரு சனிக்கிழமை. நான் வருகிறேன் என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.