ஈரலுக்கு வந்த விருந்து

அண்ணையின் ஈரல் பழுதாகிப்போன செய்தி கனடாவில், எங்கள் ஸ்காபரோவில் பரவியபோது எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "ஆள் குடிக்கிறவரோ?" அவர் தேத்தண்ணியைத் தவிர எதையும் தொட்டதில்லை. கலியாண வீடுகளில் போத்தல் தேடித் திரிகிறவன் நான். மஞ்சட்காமாலைக் கிருமி ஆளை மாறிப் பிடித்துவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசி. இறந்தவர்களின் ஈரலுக்குக் காத்திருந்த வரிசை நகரவேயில்லை. அண்ணைக்கு வயிற்றில் நீர் கட்டி, சேட் பொத்தான் பூட்ட முடியாமல் போனது. அப்போதுதான் டொக்டர் புதிதாகச் செய்யத் தொடங்கிய ஒரு முறையைச் சொன்னார். உயிரோடிருப்பவரின் ஈரலில் பாதிக்குமேல் வெட்டி மற்றவருக்கு வைக்கலாம், இருவருக்கும் வளர்ந்துவிடும். குடும்பத்தில் இரத்தம் பொருந்தியது எனக்கு மட்டும்.

"ஓம், நான் குடுக்கிறன்" என்றேன். வீட்டுக்கு வந்து, கண்ணாடிக்கு முன்னால் சேட்டைத் தூக்கி, எவ்விடத்தில் வெட்டுவார்கள் என்று பேனையால் கோடு போட்டுப் பார்த்தேன். மனைவி கண்டுவிட்டாள்.

"உது என்ன, காணி அளக்கிறியளோ?"

எங்கள் சனத்துக்கு ஒரு வழக்கம். ஒருவனை வெட்டப்போகிறார்கள் என்றால் முதலில் அவன் உடம்பைத் தேற்றவேண்டும். பக்கத்து நகரமான மார்க்கத்திலிருந்து ஒரு அன்ரி நல்லெண்ணெயில் பொரித்த முட்டையோடு வந்தா. அஜக்ஸிலிருந்து மனைவியின் தமக்கை உளுத்தங்களி கிண்டிக்கொண்டு வந்தா. பிறகு ஆட்டுக்கால் சூப், நெய்ச்சோறு.

"சாப்பிடும் தம்பி. ரெண்டு பேருக்கு ஈரல் வேணுமெல்லே!"

எனக்குப் பயம் வந்தால் பசியும் வரும். அந்த நாட்களில் நான் பயங்கரமாகப் பயந்தேன்.

ஸ்கான் படத்தைப் பார்த்து டொக்டர் தலையை ஆட்டினார். ஈரல் நிறையக் கொழுப்பு. இப்படியே வெட்டினால் இரண்டு பேருக்கும் ஆபத்து. எடையைக் குறைத்துக்கொண்டு மூன்று மாதத்தில் வரட்டாம். லிஃப்டுக்குள் என் உடம்பு துள்ளிக் குதித்தது, தப்பிவிட்டோம் என்று. கதவு திறந்தது. எதிரே அண்ணை படுத்திருந்த ஆஸ்பத்திரி அறை. விசயத்தைச் சொன்னேன்.

"உன்ர கொழுப்பைப் பற்றி அம்மா அப்பவே சொன்னவ" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"மூண்டு மாசம் இருப்பனோடா?"

"இருப்பியள் அண்ணை."

எத்தனையோ பொய் சொல்லி ஆட்களைச் சிரிக்க வைத்தவன். இதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் சாப்பிட்டதெல்லாம் அவித்த இலைதான். வெளியே பனி என்பதால் மோலுக்குள், கடைகளைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். காவலாளி சந்தேகத்தோடு பின்னால் வந்தான். பலகாரத்தோடு வந்த அன்ரியை வாசலிலேயே திருப்பி அனுப்பினேன்; அவ இன்னும் என்னோடு கதைப்பதில்லை. பெல்ட்டில் புது ஓட்டைகள் விழுந்தன. அண்ணையோ என்னைவிட வேகமாக மெலிந்தார், வயிறு மட்டும் வீங்கியபடி.

இரண்டாவது ஸ்கானைப் பார்த்து, "அருமையான ஈரல்" என்றார் டொக்டர். முகத்தில் சந்தோசமில்லை. அந்தக் கிழமை அண்ணைக்கு இரத்தத்தில் கிருமி ஏறி, சிறுநீரகமும் செயலிழந்திருந்தது. ஒப்பரேசனை அவர் உடம்பு தாங்காது. இனி வெட்டுவதில் பயனில்லை என்றார்.

வெளியே வந்தேன். அண்ணி ஓடி வந்தா.

"தம்பி, பாஸோ?"

"ஓம் அண்ணி."

இரண்டு கைகளையும் தலைக்குமேல் குவித்தா. கண்ணீர் ஓடியது. "நான் போய் அவரிட்டைச் சொல்லுறன்" என்று திரும்பினா.

நான் அவவின் கோட்டுக் கையைப் பிடித்தேன்.